உங்களுக்குத் தெரியுமா? புற்றுநோயை மிரள வைக்கும் சர்க்கரைச் சரங்கள்!

புற்றுச் செல்லுக்கு உயிர்த் தீனி எது தெரியுமா? குளுக்கோஸ்! ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். சாதாரணச் செல்லைவிடப் பல மடங்கு குளுக்கோஸை அது விழுங்கும். பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதே இந்தப் பேராசையால்தான்!

அதே குளுக்கோஸை வேறு விதமாகக் கோத்துக் கொடுங்கள். புற்றுநோய்க்கு எதிராகவே திரும்பிவிடுகிறது!

அரிசி மாவும் குளுக்கோஸ். பருத்திப் பஞ்சும் குளுக்கோஸ். காளானின் சுவரிலும் குளுக்கோஸ். பூ ஒன்றுதான், தொடுக்கிற விதம்தான் வேறு! நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த இந்தச் சரங்களுக்குப் பெயர் பாலிசாக்கரைடு. இனி வருவதெல்லாம் அவற்றின் சாகசங்கள்!

ஜப்பானியர்கள் சூப்பில் போட்டுச் சாப்பிடும் ஷிடாகே காளானிலிருந்து 'லென்டினான்' என்ற பாலிசாக்கரைடைப் பிரித்தெடுத்தவர் கோரோ சிஹாரா. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்து விஞ்ஞானி. எலிகளுக்கு ஊசி போட்டார். கட்டிகள் கரைந்தன! 1969-ல் 'நேச்சர்' இதழில் செய்தி வெளியானது.

எவ்வளவு மருந்து போட்டார்? எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு வெறும் 1 மில்லிகிராம். பத்தே ஊசி!

கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலனா? அதுதான் இல்லை! அளவை மிகவும் ஏற்றினால் லென்டினானின் வேகம் குறைந்துவிடுகிறது. கொஞ்சமாகப் போட்டால்தான் வீரியம்!

200 கிலோ பச்சைக் காளானை வெந்நீரில் காய்ச்சி, வடித்து, சுத்தம் செய்தால் கிடைக்கிற லென்டினான் எவ்வளவு? 31 கிராம்!

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறின் எடை 180. லென்டினானின் எடை ஏறத்தாழ 5 லட்சம்! அதுவும் தனிச் சரமாக இருக்காது. மூன்று சரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும்!

சிஹாரா சோதித்த கட்டியின் வயதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 'சார்கோமா 180' என்பது அதன் பெயர். 1914-ல் நியூயார்க்கில் ஓர் எலியின் உடம்பில் கண்ட கட்டி. எலி என்றோ செத்துப்போயிற்று. கட்டியின் செல்கள் நூறாண்டு தாண்டியும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன!

இப்போது உச்சக்கட்ட ஆச்சரியம். லென்டினானைக் கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்கள்மீது ஊற்றுங்கள். அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகாது! எலியின் உடம்புக்குள் போனால்தான் கட்டி கரைகிறது. அப்படியென்றால் அடிப்பது யார்?

எலியின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் முதிர்கிற இடம் அது. எடுத்ததும் லென்டினான் செல்லாக்காசாகிவிட்டது! 1971-ல் இந்த முடிவு வெளியானது. புற்றை அடிப்பது சர்க்கரைச் சரம் அல்ல. அது எழுப்பிவிடுகிற நம் சொந்தப் படை! நான் சேகரித்த தகவல்களிலேயே முதலிடம் இதற்குத்தான்.

படை எப்படி விழிக்கிறது? லென்டினான் பீட்டா குளுக்கான் என்ற வகைச் சரம். மனித உடம்பு இந்த வகையைத் தயாரிப்பதே இல்லை. ஒரு துளிகூட! அதனால் அது கண்ணில் பட்டதும் வெள்ளை அணுக்களுக்கு ஒரே சந்தேகம்: 'பூஞ்சை நுழைந்துவிட்டதா?' உடனே சண்டைக்குக் கிளம்பிவிடுகின்றன!

அந்தச் சரத்தைத் தொட்டு அடையாளம் காணவே வெள்ளை அணுக்களின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் டெக்டின்-1. பீட்டா குளுக்கானைப் பிடிப்பது அதன் வேலைதான் என்று 2001-ல் சொன்னவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் கார்டன் பிரவுன், சியாமன் கார்டன். ஒருவருக்கு கார்டன் முதற்பெயர், மற்றவருக்குக் குடும்பப்பெயர்!

விழித்த படைக்கு நினைவும் இருக்கிறது! 2020-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் எலிகளுக்கு முன்கூட்டியே பீட்டா குளுக்கான் கொடுத்தார்கள். பிறகு வந்த கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது. அந்த எலிகளின் எலும்பு மஜ்ஜையை வேறு எலிகளுக்கு மாற்றினார்கள். ஊசியையே பார்க்காத அந்த எலிகளிடமும் கட்டியின் வேகம் குறைந்தது!

1985-ல் ஜப்பான் அரசு லென்டினானை இரைப்பைப் புற்றுநோய்க்கு ஊசி மருந்தாக அனுமதித்தது. தனியாக அல்ல, டெகாஃபர் என்ற கீமோ மருந்துடன் சேர்த்து!

ஷிடாகேயை அரைகுறையாக வேகவைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? சிலருக்கு முதுகெங்கும் சாட்டையால் அடித்ததுபோலச் சிவப்புக் கோடுகள்! 1977-ல் ஜப்பானில் முதன்முதலாகப் பதிவான விநோதம் இது. குற்றவாளியென்று கைகாட்டப்படுவது யார் தெரியுமா? நம் லென்டினானேதான்! நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை.

அடுத்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1960-களின் நடுவில் ஜப்பானின் குரேஹா ரசாயன நிறுவனத்து ஊழியர் ஒருவர், பக்கத்து வீட்டுப் புற்றுநோயாளி மரக்காளான் கஷாயம் குடிப்பதைக் கவனித்தார். பட்ட மரத்தில் வரிவரியாக, விசிறி விசிறியாக ஒட்டி வளரும் காளான் அது. விஷயம் நிறுவனத்துக்குப் போனது. ஆராய்ச்சி தொடங்கியது. 1977-ல் அதன் பாலிசாக்கரைடு 'கிரெஸ்டின்' என்ற பெயரில் அரசு அனுமதியோடு மருந்தாகவே வந்துவிட்டது!

1987-ல் ஜப்பான் தேசமே புற்றுநோய் மருந்துகளுக்குச் செலவழித்த பணத்தில் கிரெஸ்டினின் பங்கு மட்டும் எவ்வளவு? 25 சதவீதத்துக்கும் மேல்! நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரு காளானுக்கே போயிருக்கிறது!

பலன் இருந்ததா? இரைப்பைப் புற்று அறுவை சிகிச்சை முடிந்த 262 பேரிடம் சோதித்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 60 சதவீதம். கீமோவுடன் கிரெஸ்டினும் பெற்றவர்களில் 73 சதவீதம்! 1994-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கணக்கு இது.

அந்தக் கிரெஸ்டின் இன்று ஜப்பான் மருந்துக் கடையில் கிடைக்காது. புதுப் புது மருந்துகள் வந்து குவிந்தன. 40 ஆண்டு கோலோச்சிவிட்டு 2017-ல் விற்பனையிலிருந்தே விலகிவிட்டது!

மழைக்காலத்தில் பட்டுப்போன மாங்கிளையில் வெள்ளையாக, சின்னச் சின்ன விசிறியாக ஒரு காளான் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அடிப்பக்கத்து மடிப்புகள் பிளந்து பிளந்து நிற்கும். ஸ்கைசோஃபில்லம் என்பது அதன் அறிவியல் பெயர். அதன் பாலிசாக்கரைடு 1986-ல் ஜப்பானில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மருந்தானது! கதிர்வீச்சு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்தக் காளானைப் பற்றி இன்னொன்று. மனிதரில் ஆண், பெண் என இனம் பிரிகிறது அல்லவா? அதில் இனச்சேர்க்கை வகைகள் மட்டும் 23,000-க்கும் மேல்! மணிப்பூரில் அதைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள்.

ஜப்பானின் நாகானோ மாவட்டத்தில் எனோகி காளான் வளர்ப்பதுதான் பல குடும்பங்களின் தொழில். தினசரி சாப்பாட்டிலும் அதே காளான். அந்தக் குடும்பங்களில் புற்றுநோய் மரணம் மற்றவர்களைவிடக் குறைவு என்று கணக்கெடுத்துச் சொன்னார் டெட்சுரோ இகெகாவா!

தஞ்சை மாவட்டத் தென்னந்தோப்புக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றாலே அலறுவார்கள். 1952 புயலுக்குப் பிறகு பெரிதாகக் கவனத்துக்கு வந்த நோய். தென்னையின் அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், மட்டை தொங்கும், மரம் காலி! காரணம் கனோடெர்மா என்ற பூஞ்சைக் காளான். அதே கனோடெர்மா வகைதான் சீனாவில் 'லிங்ஷி' என்ற பெயரில் சாகாவரக் காளானாகக் கொண்டாடப்படுகிறது! (தோப்பில் முளைத்ததைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.)

லிங்ஷி பற்றிய மனிதச் சோதனைகளை காக்ரேன் என்ற ஆய்வுக் குழு சலித்தெடுத்தது. தேறியவை 5 சோதனைகள், 373 நோயாளிகள். கீமோ, கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுத்தபோது சிகிச்சைக்குப் பலன் தெரியும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு! தனியாகக் கொடுத்தபோது கட்டி சுருங்கவில்லை!

புளியங்கொட்டையைத் தூக்கியெறிகிறீர்களா? பொறுங்கள்! திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மைய விஞ்ஞானிகள் அந்தக் கொட்டையின் பருப்பிலிருந்து ஒரு பாலிசாக்கரைடைப் பிரித்து, பி.எஸ்.டி.001 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புற்றுள்ள எலிகளுக்குக் கொடுத்ததில் கட்டி குறைந்தது, நோய் எதிர்ப்பு கூடியது! 2012-ல் முடிவு வெளியானது.

அதே மையம் அடுத்து எதை எடுத்தது தெரியுமா? மாதுளம்பழத்தின் தோலை! முத்துகளைத் தின்றுவிட்டு நாம் குப்பையில் போடுகிற தோல். அதிலும் ஒரு பாலிசாக்கரைடு. மார்பகப் புற்றுச் செல்கள், ரத்தப் புற்றுச் செல்கள் இரண்டையும் கண்ணாடித் தட்டில் கட்டுப்படுத்தியது!

கொத்தவரை விதையிலிருந்து வருகிற பசை குவார் கோந்து. உலகத்துக்கே பெரும்பகுதியை விளைவித்துக் கொடுப்பது நம் இந்தியா, முக்கியமாக ராஜஸ்தான். அதிலிருந்து அமெரிக்காவில் 'டவனாட்' என்று ஒரு சரம் தயாரித்து, குடல் புற்றுநோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்!

சோற்றுக்கற்றாழையின் சதைக்குள் வழவழவென்று இருப்பது அசெமனான் என்ற பாலிசாக்கரைடு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறை இதைப் புற்றுநோய்க்கான துணை மருந்தாக அனுமதித்தது. யாருக்கு? நாய்களுக்கும் பூனைகளுக்கும்!

ஆரஞ்சுத் தோலின் பெக்டின் செய்த வேலையைக் கேளுங்கள். 1992-ல் டெட்ராய்டின் அவ்ரஹாம் ராஸ் குழு, புற்றுச் செல்களோடு பெக்டினையும் சேர்த்து எலிகளுக்கு ஊசி போட்டது. நுரையீரலில் புற்று அதிகமாகப் பரவியது! பிறகு அதே பெக்டினை ரசாயன முறையில் துண்டாக்கிப் போட்டார்கள். பரவுவது வெகுவாகக் குறைந்தது! முழுதாக இருந்தால் எதிரி, வெட்டினால் நண்பன்!

1995-ல் அந்தத் துண்டுப் பெக்டினைக் குடிநீரிலேயே கலந்து, புராஸ்டேட் புற்றுள்ள எலிகளுக்கு வைத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த 16 எலிகளில் 15-க்கு நுரையீரலுக்குப் பரவிவிட்டது. பெக்டின் தண்ணீர் குடித்த 14-ல் 7-க்குத்தான்!

நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போடுவார்களே கடல்பாசி, அதே அகர்தான் புற்றுச் செல்லைக் காட்டிக்கொடுக்கிற தட்டிலும் இருக்கிறது! 1964-ல் இயன் மெக்ஃபெர்சனும் லுக் மொன்டாக்னியரும் போட்டுக்கொடுத்த வழி. ஒரு சின்ன வட்டத் தட்டு. அடியில் கெட்டியான அகர். மேலே இளகிய அகரில் செல்களைக் கலந்து ஊற்றுவார்கள். இரண்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். நல்ல செல்லுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். இளகிய அகரில் ஊன்ற முடியாமல் செத்துப்போகும். புற்றுச் செல்லுக்கு அந்தக் கவலையே இல்லை! அந்தரத்தில் தொங்கியபடியே பெருகும். கண்ணுக்குத் தெரிகிற அளவு புள்ளி புள்ளியாக உருண்டு நிற்கும்! இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதே சோதனைதான். அந்த மொன்டாக்னியர்தான் பின்னாளில் எய்ட்ஸ் வைரஸுக்காக 2008-ல் நோபல் பரிசு வாங்கியவர்!

அகரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது யாருடைய யோசனை? ஃபேனி ஹெஸ் என்ற குடும்பத் தலைவி! சமையலில் தான் பயன்படுத்திய அகரை 1881-ல் கணவர் வால்டரிடம் சொன்னார். அவர் ராபர்ட் கோக்கின் கூடத்தில் வேலை பார்த்தவர். அன்று முதல் கிருமி வளர்க்கிற தட்டுகளில் அகர்தான்! கோக் தன் கட்டுரையில் அந்த அம்மாளின் பெயரைக் குறிப்பிடவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது!

ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவை கட்டிப் பெண்கள் வளர்க்கிற சிவப்புப் பாசி ஒன்றும் உண்டு. அதில் கிடைப்பது கராஜீனன். ஐஸ்கிரீம் உருகாமல் குழைவாக நிற்கச் சேர்க்கிற பொருள். 2006-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கிறிஸ்டோபர் பக்கும் ஜான் ஷில்லரும் கண்டது என்ன? கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் செல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது கராஜீனன்! தட்டில் சோதித்தபோது அதன் வீரியம் ஹெப்பாரின் என்ற மருந்தைவிட ஆயிரம் மடங்கு!

பழுப்புக் கடல்பாசியின் வழவழப்பில் இருப்பது ஃபுகாய்டன். 1913-லேயே சுவீடனின் ஹரால்ட் கைலின் கண்டெடுத்துவிட்டார். மன்னார் வளைகுடாவின் கட்டக்கோரைப் பாசியிலும் இது உண்டு! 2016-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தார் ஃபுகாய்டனால் நுண்ணிய உருண்டைகள் செய்து, உள்ளே புற்று மருந்தை அடைத்தார்கள். கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவரில் பி-செலக்டின் என்ற புரதம் இருக்கிறது. ஃபுகாய்டன் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. எலிகளில் மருந்து நேராகக் கட்டிக்கே போய்ச் சேர்ந்தது!

இப்போது ஓர் அதிசயப் பிராணி! கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா மண்ணுக்கடியில் வாழ்கிற வளை எலி. உடம்பில் ரோமம் கிடையாது. சுருக்கம் விழுந்த தோல், வாய்க்கு வெளியே நீட்டிய பல். சாதாரணச் சுண்டெலி மூன்று நான்கு வருடம் தாண்டுவதே பெரிய விஷயம். இந்த மொட்டை எலி 30 வருடத்துக்கு மேல் வாழும்! அதற்குப் புற்றுநோய் வருவதே அபூர்வம்!

ஏன்? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேரா கோர்புனோவாவும் ஆந்த்ரேய் செலுவானோவும் இந்த எலியின் செல்களை வளர்த்தார்கள். சில நாளில் தட்டிலிருந்த திரவம் கோழையாகக் கெட்டிப்பட்டது. உறிஞ்சும் குழாயே அடைத்துக்கொண்டது! சோதித்தால், அத்தனையும் ஹயலுரோனன் என்ற பாலிசாக்கரைடு. மனிதனிடம் இருக்கிற அதே பொருள். நீளம் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல்!

அந்தக் கோழையை நீக்கிப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அசையாத மொட்டை எலிச் செல்கள் கட்டியாக மாறத் தொடங்கின! 2013-ல் 'நேச்சர்' வெளியிட்டது.

விட்டார்களா? அந்த எலியின் மரபணுவை எடுத்துச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. புற்றுநோய் குறைந்தது, ஆயுள் 4.4 சதவீதம் கூடியது!

முகத்துக்குப் பூசுகிற கிரீமிலும், மூட்டு வலிக்குப் போடுகிற ஊசியிலும் இருப்பது இதே ஹயலுரோனன்தான்! 70 கிலோ மனிதர் உடம்பில் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் அழிந்து புதிதாகிறது!

எல்லாச் சர்க்கரைச் சரமும் நம் கட்சி அல்ல. கணையப் புற்றுக்கட்டி தன்னைச் சுற்றி ஹயலுரோனனைக் கொட்டிக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. மருந்து உள்ளே நுழையத் திணறுகிறது!

குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா புற்றுச் செல் தன் மேல் போர்த்திக்கொள்கிற சர்க்கரைச் சரமும், மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் 'பி' கிருமியின் மேலுறையும் அச்சு அசலாக ஒன்றே! பெயர் பாலிசயாலிக் அமிலம். நம் மூளையிலும் அது இருப்பதால் அந்த உறையை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியாமல், வேறு புரதங்களைத் தேடிப் போனார்கள்!

மலேரியாவுக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம்? டென்மார்க்கின் அலி சலன்டி கர்ப்பிணிகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்தவர். அந்தக் கிருமி நஞ்சுக்கொடியில் இருக்கிற ஒரு பாலிசாக்கரைடைப் பிடித்துத் தொங்குகிறது. அதே பாலிசாக்கரைடு பெரும்பாலான புற்றுச் செல்களின் மேலும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்! மலேரியாப் புரதத்தோடு டிப்தீரியா நஞ்சைக் கட்டி எலிகளுக்கு அனுப்பினார்கள். புரதம் புற்றைத் தேடிப் பிடித்தது, நஞ்சு அடித்தது! ஆண்டு 2015.

நியூயார்க் மருத்துவர் வில்லியம் கோலி 1891-ல் செய்த துணிச்சலை இன்று யாரும் செய்ய மாட்டார்கள். புற்றுநோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசி மூலம் ஏற்றினார்! கடுங்காய்ச்சல். கட்டி சுருங்கியது! பின்னர் அவர் தயாரித்த கிருமிக் கலவையில் வேலை செய்வது எது? 1943-ல் மர்ரே ஷியர் பிரித்தெடுத்தார். அது ஒரு பாலிசாக்கரைடுச் சேர்மம்! அது நேரடியாகக் கட்டியைக் கொல்வதில்லை, நம் உடம்பைத் தூண்டி டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது என்று 1975-ல் எலிசபெத் கார்ஸ்வெல், லாய்ட் ஓல்ட் குழு கண்டது. கிருமி ஊசியிலிருந்து விடைவரை 84 ஆண்டு! முடக்குவாத நோயாளிகளுக்கு இன்று கொடுக்கிற விலையுயர்ந்த ஊசிகள் பலவும் அதே டி.என்.எஃப்.-ஐ அடக்கத்தான்!

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் ஒரு பாலிசாக்கரைடுதான்! 1916-ல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலில் கண்டெடுத்தார். இன்று வருவது பன்றிக் குடலிலிருந்து!

புற்றுநோயாளிக்கு ரத்தக்கட்டு வருமென்று எடுத்துச் சொன்னவர் பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூசோ, 1865-ல். 1867-ன் தொடக்கத்தில் தன் நரம்பிலேயே ரத்தக்கட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. அதே ஆண்டு இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். இன்று அந்தக் கட்டுகளுக்கு ஹெப்பாரின் வகை ஊசி உண்டு. 2003-ல் வந்த சோதனையில், மீண்டும் கட்டு வருகிற ஆபத்து பழைய மாத்திரையில் 17 சதவீதம், ஊசியில் 9 சதவீதம்!

கரும்புச் சாற்றில் கிருமி விழுந்தால் கொழகொழவென்று ஒன்று படியும். சர்க்கரை ஆலைகளுக்குத் தலைவலி. அது டெக்ஸ்ட்ரான் என்ற பாலிசாக்கரைடு. 2013-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மருந்தின் முதுகெலும்பே டெக்ஸ்ட்ரான்தான். மார்பகப் புற்று எந்த நெறிக்கட்டிக்கு முதலில் பரவும் என்று அறுவை மருத்துவருக்கு அது காட்டிக்கொடுக்கிறது!

தைவான் 2010-ல் அனுமதித்த ஓர் ஊசி மருந்து அஸ்ட்ராகலஸ் வேரின் பாலிசாக்கரைடு. புற்றுநோயைக் கொல்ல அல்ல, புற்றுநோயாளியின் அடித்துப்போட்ட சோர்வைப் போக்க!

கொஞ்சம் பச்சையாக இருக்கிற வாழைப்பழத்தில் செரிக்காத மாவுச்சத்து இருக்கிறது. பரம்பரைப் புற்றுநோய் ஆபத்துள்ள லின்ச் குறைபாட்டுக்காரர்கள் 918 பேரை வைத்து, பிரிட்டனின் ஜான் பர்ன், ஜான் மேதர்ஸ் குழு சோதித்தது. பாதிப்பேருக்கு தினம் 30 கிராம் அந்த மாவுச்சத்து, சராசரியாக இரண்டு ஆண்டு. பெருங்குடல் புற்று குறையவில்லை. ஆனால் மற்ற உறுப்புகளின் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! உணவுக்குழாய், இரைப்பை, பித்தப்பாதை, கணையம் போன்ற மேல் வயிற்றுப் பகுதிகளில் மட்டும் பார்த்தால், மாவு சாப்பிடாத 455 பேரில் 21 புற்று. சாப்பிட்ட 463 பேரில் வெறும் 5! மாவை நிறுத்தி 10 ஆண்டு ஆன பிறகும் பலன் நீடித்தது. முடிவு வெளியானது 2022-ல்.

சோற்றை ஆறவிட்டால் இந்தச் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. பழைய சோற்றுப் பானைக்குள் நடப்பது அதுதான்!

நமக்குச் செரிக்காததைக் குடல் பாக்டீரியா செரித்து பியூட்டிரேட்டாக மாற்றுகிறது. நம் பெருங்குடல் செல்களின் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அதிலிருந்துதான்! நல்ல செல் அதை எரித்துச் சாப்பிட்டுவிடும். புற்றுச் செல்லோ குளுக்கோஸ் பைத்தியம், பியூட்டிரேட்டைத் தொடாது. தொடாததால் அது செல்லுக்குள் தேங்குகிறது. கருவுக்குள் புகுந்து மரபணு விசைகளையே மாற்றிப்போட்டு, பெருகாதே என்று நிறுத்திவிடுகிறது! வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் பல்ட்மன் குழு 2012-ல் இதைக் காட்டியது. ஒரே பொருள்: நல்லவனுக்குச் சாப்பாடு, கெட்டவனுக்கு விஷம்!

தினம் 10 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களிடம் பெருங்குடல் புற்று ஆபத்து 10 சதவீதம் குறைவு. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு இது!

நார்ச்சத்தின் பெருமையை 1971-ல் உரக்கச் சொன்னவர் அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட். உகாண்டாவில் வேலை பார்த்தவர். குழந்தைகளின் தாடையைத் தாக்கும் 'பர்க்கிட் லிம்ஃபோமா' புற்றை 1958-ல் உலகுக்குக் காட்டியவரும் இவரேதான்!

கடைசியாக ஒரு முக்கியச் செய்தி. லென்டினான் டெகாஃபருடன் வந்தது. கிரெஸ்டின் அறுவைக்குப் பின் கீமோவுடன் வந்தது. மாங்கிளைக் காளான் மருந்து கதிர்வீச்சுடன் வந்தது. இவற்றில் எதுவும் வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வரவில்லை! அதுவும் கடையில் விற்கிற பொடியாக அல்ல, சுத்திகரித்து அளவு குறித்த மருந்தாகத்தான் வந்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்த காளான் பொடியை வாங்குவதற்கு முன் டப்பாவைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். ஊசி தேதியை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்!